ஒருத்தரும் கேளாத கார்

சிற்றம்பலத்தின் வாகனங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் போய்விட்டார்கள். பறித்துப் போனார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆயுதம் தூக்கிய இயக்கத்துப் பொடியள் அவ்வளவு மரியாதையாகத்தான் கேட்டார்கள். "அண்ணை, மோட்டச்சைக்கிளை ஒருக்காத் தாங்கோ, பொழுதுபட முதல் கொண்டு வந்து விடுறம்" என்றார்கள். எந்த நாள் பொழுது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பிறகு வந்தவர்கள் ஒஸ்ரின் காரைக் கேட்டார்கள். அது மட்டும் திரும்பக் கிடைத்தது. விறகுக்குப் போனவர்கள் காட்டுக்குள் கண்டு வந்து சொல்ல, போய்ப் பார்த்தால் பின் இருக்கை இல்லை, கதவு முழுக்கத் துப்பாக்கிச் சன்னம் போன துளைகள். அப்படிக் கிடைத்ததற்குக் கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

அது எண்பத்தைந்தாம் ஆண்டு. சிற்றம்பலத்துக்கு வவுனியா நகரில் மருந்துக்கடை. வீடு பூவரசங்குளத்தில், மனைவி கமலாசனி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். மன்னார் றோட்டால் தினமும் போய்வர வேண்டும்.

"பஸ்ஸிலை போங்கோவன்" என்றாள் கமலாசனி. "சனம் போகேல்லையோ?"

"பஸ்ஸை நம்பிக் கடை திறக்கேலாது. நான் ஒரு வழி யோசிச்சு வைச்சிருக்கிறன்."

யோசிப்பதில் அவர் கெட்டிக்காரர். கெட்டிக்காரர் என்று பிறர் சொல்லும்வரை காத்திருக்க மாட்டார், தானே சொல்லிவிடுவார். இந்த முறை அவர் யோசித்தது இதுதான்: பொடியள் கேட்பது தங்களுக்கு உதவுகிற வாகனத்தை. உதவாத வாகனத்தை எவன் கேட்பான்? ஆகவே எவனுக்கும் உதவாத, தனக்கு மட்டும் உதவுகிற ஒன்றைத் தேடி வாங்க வேண்டும். இந்த ஞானம் பிறந்த அன்றே அவர் வவுனியா நகரில் இருந்த வீரகத்தியின் கராஜுக்குப் போனார்.

வீரகத்தி வாகனம் திருத்துவதோடு பழையது வாங்கி விற்கிறவர். முற்றத்தில் ஒரு ஜீப்பும் ஒரு வானும் ஒரு மொறிஸ் மைனரும் நின்றன.

"ஜீப்பைப் பாருங்கோ. காடு மேடு எல்லாம் போகும்" என்றார் வீரகத்தி.

"காடு மேடு போறவங்கள்தானே வந்து கேக்கிறாங்கள். வேண்டாம். வானிலை எத்தினை பேர் ஏறலாம்?"

"பத்துப் பேர் தாராளமா ஏறலாம்."

"அப்ப அதுவும் வேண்டாம்."

"மொறிஸ் நல்ல கார். டிக்கியிலை நெல்லு மூட்டையே ஏத்தலாம்."

"நெல்லு ஏத்தலாமெண்டா வேறை சாமானும் ஏத்தலாம். வேண்டாம்."

வீரகத்திக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப என்னதான் தேடுறியள்?"

"ஒருத்தருக்கும் உதவாத கார் ஒண்டு."

இதைக் கேட்டு, லொறி ஒன்றின் சில்லைக் கழற்றிக்கொண்டிருந்த மாயாண்டி சிரித்துவிட்டார். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை எரித்து விரட்ட, மனைவி ராக்காயியையும் கூட்டிக்கொண்டு, இங்கே என்றால் அடி விழாது என்று நம்பி வன்னிக்கு வந்தவர் மாயாண்டி. சிற்றம்பலத்தைவிட நன்றாக மூத்தவர். என்றாலும் சிற்றம்பலத்துக்கு அவர் வெறும் மாயாண்டிதான், 'நீ'தான். மலைநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்தப் பக்கத்தில் வயது ஏறுவதில்லை.

மாயாண்டி கையைத் துடைத்துக்கொண்டு போய், கராஜின் பின்பக்கம் எதையோ மூடியிருந்த படங்கை இழுத்தார். இடுப்பளவு உயரம்கூட இல்லாத சிவப்புக் கார் ஒன்று, நெருப்புப் பிடித்ததுபோல வெளியே தெரிந்தது. எம்.ஜி. என்று மூக்கில் எழுதியிருந்தது. யாரோ துரையின் ஸ்போர்ட்ஸ் கார், கைமாறிக் கைமாறி இங்கே வந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்தது.

"இது மாதிரி ஒண்ணத்தாங்க எங்க தொரை வச்சிருந்தாரு" என்றார் மாயாண்டி. "தொடைக்கிறது என் வேலை. கண்ணாடி மாதிரி தொடச்சு வைப்பேன். ஒரு நாளாச்சும் ஓட்ட விடமாட்டாரான்னு பாத்தேன். விடலீங்க."

சிற்றம்பலம் காரைச் சுற்றி நடந்தார். "எத்தினை பேர் இருக்கலாம்?"

"ரெண்டே பேருங்க. அதுவும் மெலிஞ்ச ஆளா இருக்கணும்."

"டிக்கி?"

"ஸ்பேர் டயரை வச்சா அப்புறம் ஒரு குடை வைக்கலாமுங்க."

"பெற்றோல்?"

"குடிகாரன்தாங்க."

"சத்தம்?"

"பக்கத்து ஊரு வரைக்கும் கேக்கும்."

பெண் பார்க்கப் போன இடத்தில் குறையாகவே கேட்டுக் கேட்டு மனம் நிறைகிற மாப்பிள்ளை ஒருவர் இருந்தால், அவர் முகம் அப்போது சிற்றம்பலத்தின் முகம்போலத்தான் இருந்திருக்கும். உள்ளே நுழைந்து இருந்தார். நுழைந்தார் என்றால் மடங்கிச் சரிந்து விழுந்தார். நிலம் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. எஞ்சினை முடுக்கியதும் கராஜ் தகரமெல்லாம் அதிர்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லணுமுங்க" என்று மாயாண்டி குனிந்தார். "அடிப்பக்கம் ரொம்பத் தாழ்வு. ரோட்டுல சின்ன மேடு வந்தாலும் தட்டும். தட்டுச்சுன்னா அப்படியே போயிடாதீங்க ஐயா. ஒடனே நிப்பாட்டி, எறங்கி, குனிஞ்சு எண்ணெச் சட்டியப் பாத்துடணும். அது ஒடஞ்சு ஒழுகுச்சுன்னா எஞ்சினு செத்துப் போயிரும்."

"காட்டுப் பாதையிலை இறங்காதோ?"

"எறங்குனா ஏறாதுங்க."

"சரி. இதைத்தான் எடுக்கிறன்."

வீரகத்திக்குக் கடைசி நேரத்தில் மனச்சாட்சி உறுத்தியிருக்க வேண்டும். "சிவப்பு கண்ணைக் குத்துது. வேறை நிறம் அடிச்சுத் தரட்டோ?"

"வேண்டாம். ஒளிச்சு வைக்கேலாத காரை ஆர் கேப்பினம்?"

பூவரசங்குளம் சிரித்துக் களைத்தது. படம் பார்க்கிற சனம் அல்லவா, காரின் மூக்கில் எம்.ஜி. என்று கண்டதும் "எம்.ஜி. இருக்கு, ஆர் எங்கை?" என்று தொடங்கிவிட்டார்கள். இந்தப் பக்கத்துப் பேச்சில் யார் என்பதும் ஆர்தான். ஆகவே கார் போகிறபோது ஒருவர் "எம்.ஜி. போகுது, உள்ளுக்கை ஆர்?" என்று கத்த, மற்றவர் "ஆர் இல்லை, சிற்றம்பலத்தார்!" என்று பதில் கொடுப்பார். சந்தித் தேநீர்க் கடையில் தொடங்கி மன்னார் பஸ் கொண்டக்ரர் ஏரம்பு வரை எல்லோர் வாயிலும் இதே பகிடி. சிற்றம்பலமும் கை காட்டிவிட்டுப் போவார். கார் தன்னோடு இருக்கிறது, அது போதும் அவருக்கு.

பொடியள் கேட்கவில்லை. ஒரு நாள் சந்தியில் நின்ற இரண்டு பேர் காரைப் பார்த்துத் தலையில் அடித்துச் சிரித்தார்கள். றோட்டுக் காவலரணில், சென்றியில், நின்ற ஆமிக்காரர்கள் முதல் சில நாட்கள் இறக்கிச் சோதித்தார்கள். ஒரு குடை கொள்ளாத டிக்கியில் என்ன சோதிப்பது? பிறகு அவர்களும் சிரித்துக் கை காட்டினார்கள். இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிக்கிற ஒரு பொருள் இந்த நாட்டில் தன்னிடம் மட்டுமே இருக்கிறது என்று கமலாசனிக்குப் பெருமை அடித்தார்.

அடி தட்டுவது மட்டும்தான் தொல்லை. கோயிலடி வளைவில் தட்டும், நெல்மில் வாசலில் தட்டும், பாலத்து ஏற்றத்தில் தட்டும். ஆரம்பத்தில் மாயாண்டி சொன்னபடி இறங்கிக் குனிந்து பார்த்தார். நாள் போகப் போக, எங்கே எப்படித் தட்டும் என்று இருக்கைக்கே தெரிந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போனாலும், அடியில் கேட்கிற சத்தத்தை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார். இறங்கிப் பார்ப்பதை விட்டுவிட்டார். மாயாண்டி விடவில்லை. மருந்துக்கடைப் பக்கம் வந்தால், ராக்காயியின் இழுப்புக்கு மருந்து வாங்கிக்கொண்டு, "எங்கயாச்சும் தட்டுச்சுங்களா? எறங்கிப் பாத்தீங்களா?" என்று கேட்காமல் போகமாட்டார். சிற்றம்பலம் அந்த மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. இது அவருடைய நல்ல குணம், அதையும் சொல்ல வேண்டும்.

பகிடி எப்போது நின்றது என்று சிற்றம்பலத்துக்குத் தெரியவில்லை. வேறு றோட்டுகளில் கண்ணிவெடி வெடித்த கதைகள் வரத் தொடங்கிய காலம் அது. ஒரு நாள் கமலாசனி சாதாரணமாகச் சொன்னாள்: "இப்ப உங்கடை கார் போனாப் பிறகுதான் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு விடுகினம். ஏரம்புவும் சிவப்புக் கார் போயிட்டுதோ எண்டு கேட்டுத்தான் பஸ்ஸை எடுக்கிறானாம்."

"ஏன்?"

"நீங்கள் போய்ச் சேந்தா றோட்டு நல்லாயிருக்கெண்டு அர்த்தமாம்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. றோட்டுக்கு ஒன்றும் இல்லை என்று அறிய முதலில் ஒருவன் அதில் போக வேண்டும். அந்த ஒருவன் தானா? தன்னை யார் அந்த வேலைக்கு வைத்தது?

அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் ட்ரக்கைக் கண்டார். பின்னேரம் கடை பூட்டிவிட்டு வருகிறபோது, சென்றி தாண்டியதும், ஆமி ட்ரக் ஒன்று கொஞ்சம் தள்ளிப் பின்னால் வந்தது. இவர் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாக வந்தது. விரைந்தால் விரைந்தது. முந்திப் போகட்டும் என்று ஓரம் கட்டினார், அதுவும் தள்ளி நின்றது. மற்ற நாளும் அப்படியே. மேற்கே உள்ள ஆமிக் காம்புக்குச் சாமான் கொண்டு போகிற ட்ரக் அது. சிவப்புக் கார் வரும்வரை சென்றியடியில் காத்து நிற்கிறது. அவர் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் போவதில்லை. மற்றப் பக்கத்தாரும் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? நினைக்கவே அவருக்கு முதுகு கூசியது.

கவனித்திருந்தார்கள். ஒரு ஞாயிறு காலை கிணற்றடியில் கார் கழுவிக்கொண்டிருந்தபோது இரண்டு பொடியள் சைக்கிளில் வந்தார்கள். அவர்கள் வாய் திறக்க முதல் சிற்றம்பலம் கார்த் திறப்பை நீட்டினார். அதைக் கொடுத்துத் தொலைத்தால் நிம்மதி என்றிருந்தது அவருக்கு.

"ஐயோ, கார் வேண்டாமண்ணை" என்றான் மூத்தவன். "இதை வைச்சு நாங்கள் என்ன செய்யிறது?"

"அப்ப?"

"ஒண்டுமில்லை. நீங்கள் எப்பவும் போற மாதிரிப் போங்கோ. அதே நேரம், அதே வேகம். ஒரு நாளும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. அவ்வளவுதான்."

கமலாசனி தேத்தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள். "பாத்தியளே, கேக்கேல்லை!" என்று அவள் பூரித்துப் போனாள். "உங்கடை யோசனை சரிதான்." சிற்றம்பலம் ஈரத் துணியோடு நின்றார். காரை அவர்கள் கேட்கவில்லை. காருக்குள் இருந்தவரைக் கேட்டுவிட்டார்கள், அவரும் ஓம் என்று தலையாட்டிவிட்டார்.

அடுத்தடுத்த நாட்களில் காருக்குள் ஏற முதல் அதை ஒரு முறை சுற்றி நடந்தார். வாங்கிய அன்று பிடித்த அந்தத் தாழ்வும் சத்தமும் சிவப்பும் இப்போது பயம் தந்தன. ஒளிக்க முடியாத கார் என்று கெட்டித்தனமாகச் சொன்னாரே, அதற்குள் அவரும் ஒளிக்க முடியாமல் இருந்தார்.

ஒரு நாள் காலை, வீட்டிலிருந்து புறப்பட்டு, சந்தி தாண்டி, ஊர் எல்லையில் உள்ள சின்ன மதகில் ஏறியபோது அடி தட்டியது.

அந்த மதகில் அது ஒருநாளும் தட்டியதில்லை. கால் தானாக பிறேக்கைத் தேடியது. 'ஒரு நாளும் நிப்பாட்டிப் போடாதேங்கோ' என்ற குரலும் கூடவே வந்தது. நிற்காமல் போனார். கண்ணாடியில் பார்த்தபோது மதகின் மேல் கிரவல் மண் புதிதாகத் தோண்டி மூடியதுபோலச் சிவந்து மேடாகியிருந்தது. வேறு எந்த வாகனத்துக்கும் தெரியாத மேடு. பஸ் அதைத் தாண்டும்போது பயணிகள் நித்திரைகூட முறியாது.

கடையில் அவர் ஒரு மருந்துக்கு வேறு மருந்தை எடுத்து, தானே திடுக்கிட்டுத் திருப்பி வைத்தார். இன்று பின்னேரம் அவர் அந்த மதகைத் தாண்டுவார், பின்னால் ட்ரக் வரும். பிறகு? தப்பி நிற்கிற ஆமிக்காரன் முன்னால் போன காரைத்தான் முதலில் சுடுவான். பிறகு சந்திக்கு வருவான், வீடுகளுக்கு வருவான். கமலாசனி வீட்டில் இருப்பாள். ஆமியிடம் போய்ச் சொல்லலாமா? சொன்னவனை இயக்கம் விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுடுகிற காலம். பொடியளிடம் போய் வேண்டாம் என்று கெஞ்சலாமா? அங்கே புதைத்தது உனக்கு எப்படித் தெரியும், இன்னும் யாருக்குச் சொன்னாய் என்று கேட்பார்கள்.

மத்தியானமளவில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டிக்காரர் அல்லவா! கார் போகாவிட்டால் ட்ரக் போகாது. ட்ரக் போகாவிட்டால் ஒன்றும் வெடிக்காது. கார் பழுதாகிவிட்டால் அவர் என்ன செய்வார்? பொடியள் கேட்டாலும் வீரகத்தி சாட்சி சொல்வார். இதைவிட இலகுவான வழி உண்டா? அவருக்குத் தன்மேலேயே அன்பு வந்தது.

கராஜுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, பொனட்டைத் திறந்து, ஒரு வயரை இழுத்துக் கழற்றிவிட்டார். வீரகத்தி அங்கே இல்லை, வேப்பங்குளத்தில் ஒரு உழவு இயந்திரம் பார்க்கப் போயிருந்தார். மாயாண்டிதான் வந்து காரைத் தள்ளி உள்ளே விட்டார்.

"என்னங்கய்யா ஆச்சு?"

"தெரியேல்லை. நிண்டு போச்சு. நாளைக்கோ நாளையிண்டைக்கோ பாத்தாக் காணும். அவசரமில்லை."

"அப்ப வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"பஸ் இருக்குத்தானே."

மாயாண்டியின் முகம் வாடிவிட்டது. "நீங்க போயி பஸ்ஸுல தொங்கிக்கிட்டு..." என்று இழுத்தார்.

இன்றைக்கு இதைத் தொடாதே என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நினைத்தார், விழுங்கினார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய அவசரம் வேறு.

பஸ் மதகைத் தாண்டியபோது சிற்றம்பலம் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஒன்றும் நடக்கவில்லை. ஏரம்பு கேட்டான்: "என்ன, எம்.ஜி. இஞ்சை நிக்குது, ஆர் எங்கை போயிட்டுது? சீ, மாறிச் சொல்லிப் போட்டன்." பஸ் சிரித்தது. சிற்றம்பலமும் சிரித்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு உண்மையாகச் சிரித்தார்.

சந்தியில் இறங்கியதும் நேரே வீட்டுக்குப் போக மனமில்லை. தேநீர்க் கடை மர வாங்கில் அமர்ந்து, சீனி கூடப் போட்டு ஒரு பிளேன் ரீ வாங்கிக் குடித்தார். வெயில் சாய்ந்திருந்தது. நேர் றோட்டு, மதகு வரை தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாடு அதன் மேல் நடந்து போனது. இரண்டாவது தேநீருக்குச் சொல்லிவிட்டு வேட்டியைத் தளர்த்திக் கட்டினார்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

பக்கத்து ஊர்வரை கேட்கும் என்று மாயாண்டி சொன்ன அதே சத்தம். தேநீர்க் கடைக்காரன் வழக்கம்போல வாயெடுத்து, "எம்.ஜி. வருகுது" என்று தொடங்கி, வாங்கில் இருந்தவரைக் கண்டு பாதியில் நிறுத்தினான். சிற்றம்பலம் எழுந்துவிட்டார். கழற்றிய வயர்! வாழ்நாள் முழுக்க வாகனத்தோடு கிடந்த மனிதனுக்கு அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? ஐயா பஸ்ஸில் தொங்கக்கூடாது என்று கொண்டு வருகிறார். துரை ஓட்ட விடாத காரை முதல்முதலாக ஓட்டிக்கொண்டு வருகிறார்.

மதகுக்கு அப்பாலுள்ள வளைவால் சிவப்பு வெளியே வந்தது. கொஞ்சம் பின்னால், எப்போதும்போல, ட்ரக்.

நிற்காமல் வா, என்று சிற்றம்பலம் மனதுக்குள் கத்தினார். நிற்காமல் வந்துவிடு, கார் தப்பிவிடும், நான் தினமும் அப்படித்தானே வந்தேன். கார் மதகில் ஏறியது. ஏறியதும் நின்றது.

ஏன் நின்றது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கதவு திறந்தது. மாயாண்டி இறங்கினார், சாரத்தை மடித்துக் கட்டினார், எண்ணெய்ச் சட்டியைப் பார்க்கக் குனிந்தார்.

"மாயாண்டி! ஓடு! மாயாண்டி!" தேநீர்க் கோப்பையோடு சிற்றம்பலம் றோட்டில் ஓடினார். அவ்வளவு தூரத்துக்குக் குரல் எட்டவில்லை. ட்ரக் காரின் பின்னால் வந்து ஹோர்ன் அடித்தது. மாயாண்டி நிமிர்ந்து பார்க்காமல், ஒரு நிமிஷம் என்று ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினார். காட்டுக்குள் கண்ணிவெடிக் கம்பியின் மறு முனையில் இருந்தவன் இத்தனை நாள் காத்திருந்தது ட்ரக்குக்காக. அது வந்துவிட்டது.

பிறகு மண் மழைபோலக் கொட்டிக்கொண்டிருந்தது. சந்தியில் கதவு சாத்துகிற சத்தம், பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம். சனம் காட்டுப் பக்கம் ஓடத் தொடங்கிவிட்டது. சிற்றம்பலம் றோட்டோரத்தில் இருந்தார். காதுக்குள் ஒரே இரைச்சல். கையில் கோப்பையின் பிடி மட்டும் இருந்தது.

கமலாசனி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். கார் வருகிற சத்தத்தை அவளும் வீட்டிலிருந்து கேட்டிருந்தாள். புகையைப் பார்த்துக் குழறிக்கொண்டு மதகை நோக்கிப் போனவள், இவரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் விழுந்து முகத்தைத் தடவினாள், தோளைத் தடவினாள். அழுதாள், சிரித்தாள், அம்மாளாச்சி என்றாள். பிறகு புகைக்குள் தெரிந்த சிவப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப உள்ளுக்கை ஆர்?" என்று கேட்டாள்.

ஊர் முழுக்கக் கேட்டுக் கேட்டுச் சிரித்த கேள்வி. சிற்றம்பலம் கையிலிருந்த கோப்பைப் பிடியை மண்ணில் வைத்தார்.

"மாயாண்டியண்ணை" என்றார். "அடி தட்டினதெண்டு இறங்கிப் பாத்தவர்."